பொய்ப்பெட்டி

ஒபிஹிரோ
17 நவம்பர் 1996

தோமோயேவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். விடுதி போனும் நடைவழியில்தான் இருக்கிறது. நான் ரிசீவரை எடுத்தாலே சமையல்கார அம்மாள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

இங்கே குளிர் இறங்கிவிட்டது. காலையில் மைனஸ் ஒன்பது. பீட் கிழங்கு அறுவடை முடிகிற சமயம். சாலை முழுக்க மண்ணைச் சிந்திக்கொண்டு லாரிகள் ஊர்கின்றன. வீட்டைவிட்டுத் தனியாக வந்து ஏழு வாரம் ஆகிறது. மாற்றலை இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கப் போகிறார்களாம். மனைவி வருவதாக இருந்தால் குடும்ப வீடு தருவார்கள், அதற்கு ஒரு படிவம். பிப்ரவரி 28-க்குள் கொடுக்க வேண்டும். நீ உன் அண்ணனின் கார் பட்டறையை விட்டுவிட்டு இங்கே வருவாயா, மாட்டாயா? அந்தக் கட்டத்தை நான் நிரப்ப முடியாது.

இப்போது கார் விஷயம். வெள்ளிக்கிழமை குஷிரோ தொழிற்சாலைக்குப் போகும்போது ஒரு பீட் லாரியை முந்தினேன். மூன்றாவது கியர், டர்போ நன்றாக இழுத்தது. லாரியின் பாதி நீளம் வந்திருப்பேன். பெட்ரோல் கட் ஆகிவிட்டது. உனக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. யாரோ பின்னாலிருந்து காரைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. எதிரே பால் டேங்கர். பிரேக்கை மிதித்து மறுபடி லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். பக்கத்தில் கேட்ட கத்தல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஆகிவிட்டது. பூஸ்ட் மீட்டர் 0.85-ஐத் தொட்டால் போதும், கட். காரின் கம்ப்யூட்டர் டர்போ அழுத்தத்தை 1.0 வரைக்கும் விடும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்?

பட்டறை அலமாரியில் கம்ப்யூட்டரை ஏமாற்றிக் கட் ஆகாமல் செய்யும் பொய்ப்பெட்டி வகைக்கு ஒன்றாக வைத்திருக்கிறீர்களே, அதில் எது நல்லதோ அதை நீயே பார்த்து அனுப்பு. பொருத்துவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஷிகெதோ


ஃபூஜி
24 நவம்பர்

ஒபிஹிரோ வாசி அவர்களுக்கு,

குளிரைப் பற்றிப் பாதிப் பக்கம், உயிர் போகப் பார்த்ததைப் பற்றி ஏழெட்டு வரி. உங்கள் கடிதம்தான், சந்தேகமே இல்லை.

பெட்டி கிடையாது. ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். டர்போ தள்ளும் காற்று அளவுக்கு மீறிப் போனால் இன்ஜின் கெட்டுவிடும் என்றுதான் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்துகிறது. அலமாரியில் இருக்கும் முதல் வகைப் பெட்டி என்ன செய்கிறது? அழுத்தம் 1.1 இருக்கும்போது கம்ப்யூட்டரிடம் 0.9 என்று பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் பாவம், நம்பி 0.9-க்கான பெட்ரோலை மட்டும் கொடுக்கிறது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகும். அந்தப் பெட்டியைக் கேட்டு வருகிறவர்களிடம் அண்ணன், “அப்படியே நாலு பிஸ்டனும் வாங்கிட்டுப் போயிடுங்க, மறுபடி அலைய வேண்டாம்” என்பான்.

இரண்டாவது வகையில் திருகு இருக்கிறது, எந்த இடத்தில் கட் ஆக வேண்டும் என்று கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அதுவும் பெட்ரோல் போதுமா என்று அளந்து பார்த்தவர்களுக்குத்தான். சரியான வழி, பெட்ரோல் பம்பையும் இன்ஜெக்டரையும் பெரிதாக்கி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிப்பை அதற்கேற்ப எழுதி, புகைக்குழாயில் சூட்டு மீட்டர் வைப்பது. ஆபீசுக்குப் போய்வரும் மனிதருக்கு இதெல்லாம் எதற்கு?

கட் ஆவதற்குக் காரணம் குளிர். குளிர்ந்த காற்று கனமானது. உங்கள் புகைக்குழாய் வேறு அகலம். ஆகவே பூஸ்ட் எகிறுகிறது. 0.85 என்று நீங்கள் பார்த்தது உண்மையில் 1.0 ஆக இருக்கும். அந்தக் குளிரில் மீட்டர் ஊசி குறைத்துத்தான் காட்டும். நான்கு பிளக்கையும் கழற்றி பார்சலில் அனுப்புங்கள். நிறத்தைப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதுவரை ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தூக்கியே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்தில் கத்தியது யார்? நீங்கள் தனியாகப் போய்வருகிறீர்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் குடும்ப வீட்டைப் பற்றி என்னால் யோசிக்க முடியாது.

தோமோயே


ஒபிஹிரோ
10 டிசம்பர்

தோமோயேவுக்கு,

கத்தியது நிஷிகாத்தா அம்மாள். எங்கள் கிளையில் குமாஸ்தா, ஐம்பத்திரண்டு வயது. உதிரி பாகங்களைச் சரிபார்க்க அவரும் வெள்ளிக்கிழமைகளில் குஷிரோ வருவார். அவர் கணவர் டிராக்டர் பழுது பார்க்கிறவர், ஒரு காலத்தில் ராலி கார் பந்தயம் ஓட்டியிருக்கிறார். அன்றைக்கு அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? “குரிஹாரா சார், அடுத்த தடவை முந்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் இறங்கி நடந்தே வந்துடறேன்.” இதில் நீ சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

பிளக் நான்கையும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இதோடு வந்து சேரும்.

ஒன்று கேட்க வேண்டும். குளிர்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். நிச்சயமாகத்தானா? வேறு ஏதாவது இருக்குமா, சிப்பில் கிப்பில்? அவசரம் இல்லை, நன்றாக யோசித்து எழுது.

இங்கே மைனஸ் பதினெட்டு. தலையைத் துவட்டுவதற்குள் முடி விறைத்துவிடுகிறது.

ஷிகெதோ


ஃபூஜி
18 டிசம்பர்

குரிஹாரா சார் அவர்களுக்கு,

பிளக் வந்தது. நான்கும் அருமையான நரி நிறம், பெட்ரோல் சரியாக எரிகிற பழுப்பு. பட்டறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பிளக் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்குக் காட்டலாம்.

நம்முடையது இல்லை.

நான் பொருத்தும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் எத்தனையாவது சிலிண்டர் என்று ஊசியால் கீறிவைப்பேன். இத்தனை வருஷம் என்னோடு இருந்தும் நீங்கள் அதைக் கவனித்ததே இல்லை. இவற்றில் கீறலே இல்லை. சூடு தாங்கும் எண்ணும் வேறு, நம் காருக்கு நான் போட்டது ஏழு, இது ஆறு. அண்ணன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை ரொம்ப நல்லாத்தான் ஓட்டறாரு. ஆனா யாரோட வண்டியையோ ஓட்டறாரு” என்றான். வேலையாட்கள் முன்னால் எனக்கு மானம் போயிற்று.

கார் எங்கே? விற்றுவிட்டீர்களா? யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா? எந்தப் பிளக்கை நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தீர்கள்? அந்த அம்மாளின் வயதை நான் கேட்கவே இல்லை. நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள். கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் எனக்கு அடுத்த கேள்வி தானாக வருகிறது.

சிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதிய சிப்பைக் குறை சொல்லி இதுவரை எந்த வாடிக்கையாளரும் வந்ததில்லை.

புத்தாண்டுக்கு வரும்போது நேரில் பேசுவோம். நீங்கள் பேசுவதைப் பொறுத்துத்தான் படிவம்.

தோமோயே


ஒபிஹிரோ
6 ஜனவரி 1997

தோமோயேவுக்கு,

விமானம் பனியால் ரத்தானது என்று உன் அண்ணனிடம் போனில் சொன்னேன். விமானம் பறந்தது. நான் டிக்கெட்டே வாங்கவில்லை. விடுதியில் என்னையும் சமையல்கார அம்மாளின் பூனையையும் தவிர யாரும் இல்லை. புத்தாண்டு அரிசிப் பலகாரமான மோச்சியை நானே சுட்டேன், கருக்கிவிட்டேன்.

பிளக் நம்முடையது இல்லை, உண்மைதான். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன். கார் எங்கே என்றும் சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் என் கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டும். நவம்பரில் கேட்டேன், மீட்டர் ஊசி என்றாய். டிசம்பரில் கேட்டேன், வாடிக்கையாளர் யாரும் குறை சொல்லவில்லை என்றாய். நான் உன் வாடிக்கையாளன் இல்லை.

நான் கிளம்புவதற்கு முன்னால் நீ சிப்பைத் தொட்டாயா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுது. குளிர்காற்றின் கனத்தைப் பற்றி எழுதாதே.

ஷிகெதோ


ஃபூஜி
16 ஜனவரி

உங்களுக்கு,

ஆமாம்.

1.0 இருந்த இடத்தில் 0.85 என்று எழுதினேன்.

ஆகஸ்டில் ஹாகோனே மலைக்குப் போய்விட்டு வந்து, “மெதுவாத்தான் ஓட்டினேன், காத்து வாங்கத்தான் போனேன்” என்றீர்கள். நீங்கள் குளிக்கப் போனதும் நான் மீட்டரின் நினைவுப் பொத்தானை அமுக்கினேன். உச்சம் 0.97. அந்த மலைப்பாதையில், அந்த வளைவுகளில். அப்போதே கேட்டுச் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நான் இல்லாத ஊருக்கு, ஆளில்லாத நேர்சாலைகளுக்குப் போகப் போகிறீர்கள், கேட்பாரில்லை என்று பயம் வந்தது. உங்களிடம் சொன்னால் கேட்கமாட்டீர்கள். காரிடம் சொல்லிவைத்தேன்.

அந்த இடம் வந்தால் கார் ஒரு தடவை திடுக்கிட வைக்கும், காலை எடுத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் லாரியும் எதிரே டேங்கரும் இருக்கும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். கட் இருக்கிற இடத்தை ஓட்டுகிறவரிடம் சொல்லாமல் காரை வெளியே அனுப்பக் கூடாது என்பது எங்கள் பட்டறையில் முதல் விதி. அந்த விதியை எழுதி ஒட்டியதே நான்தான். வேறொருவர் காரில் இதைச் செய்திருந்தால் அண்ணன் அன்றைக்கே என்னை வெளியே போகச் சொல்லியிருப்பான்.

உங்கள் நவம்பர் கடிதம் பட்டறை முகவரிக்குத்தான் வந்தது. படித்துவிட்டுக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, குளிர்காற்று கனமானது என்று உங்களுக்கு எழுதினேன். உண்மையைச் சொன்னால் படிவத்தில் ‘வரமாட்டாள்’ என்று நீங்களே எழுதிவிடுவீர்கள் என்று தோன்றியது.

உங்களைக் கொல்லப் பார்த்தேன். தெரியாமல்தான், ஆனால் பார்த்தேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. இனி நீங்கள் சொல்லுங்கள்.

தோமோயே


ஒபிஹிரோ
25 ஜனவரி

தோமோயேவுக்கு,

எனக்கு டிசம்பர் ஒன்றாம் தேதியே தெரியும்.

ஊசியைக் குறை சொல்லி நீ எழுதியதும், சரி, வேறொரு மீட்டர் வைத்துப் பார்ப்போம் என்று நிஷிகாத்தா அம்மாளின் கணவருடைய கொட்டகைக்குப் போனேன். அவருடைய மீட்டரும் 0.85 என்றது. அவர் ராலி காலத்துக் கருவி ஒன்றை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டி, சிப்பைக் கழற்றிப் படித்தார். படித்துவிட்டுச் சொன்னார்: “இது கம்பெனி போட்ட எண் இல்ல சார். யாரோ நிதானமா உக்காந்து எழுதினது. சுத்தமான கை. காலி இடத்துல தேதிகூடப் போட்டிருக்காங்க பாருங்க, செப்டம்பர் இருபத்தெட்டு.”

நீ எதை எழுதினாலும் காலி இடத்தில் தேதி போடுகிறவள். நான் கிளம்பியது முப்பதாம் தேதி. “யாரு சார் உங்க பட்டறைக்காரரு?” என்று கேட்டார். என் பெண்டாட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததற்கு நீ பொறுப்பில்லை. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஒரு பழைய பெட்டி வாங்கினேன். நீ திட்டியிருந்தாயே, அந்த முதல் வகையேதான். அது என்ன செய்யும் என்று நீ எழுதிய கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. படித்துப் படித்து மனப்பாடமாகவே ஆகிவிட்டது. தெரிந்தேதான் பொருத்தினேன். நிஷிகாத்தாவிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார். என்னைக் கேட்காமல் என் காருக்குள் நீ ஒரு கோடு போட்டாய், அதை அழித்தே தீர வேண்டும் என்று ஒரு வெறி. வேகமெல்லாம் அப்புறம்தான்.

ஆறாம் தேதி குஷிரோவிலிருந்து திரும்பும்போது இன்ஜின் போயிற்று. அந்த அம்மாள் இனி என் காரில் ஏறுவதில்லை என்று ரயிலில் வந்துவிட்டார், அந்த மட்டும் தப்பித்தார். மீட்டர் 1.15 காட்டியது. கட் ஆகவில்லை. எவ்வளவு அழகாக இழுத்தது தெரியுமா, அரை நிமிஷம். அப்புறம் வெள்ளைப் புகை. மூன்றாவது பிஸ்டனில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஹீட்டர் இல்லாமல் மைனஸ் பதினாறில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு பால் டேங்கர் ஓட்டுநர்தான் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். கார் இப்போது நிஷிகாத்தா கொட்டகையில் டிராக்டர்களுக்கு நடுவில் கிடக்கிறது. நான் உனக்கு அனுப்பியது அவர் மனைவி காரின் பிளக்.

ஏன் அனுப்பினேன்? உண்மையான பிளக்கைப் பார்த்தால் உனக்கு எல்லாம் விளங்கிவிடும். ‘மிதித்தது நீங்கள்தானே’ என்று ஒரே வரியில் தப்பித்துவிடுவாய். இன்ஜின் போனது தெரியாமலேயே நீ உன் தப்பைச் சொல்கிறாயா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் காத்திருந்தேன். கடைசியில் சொல்லிவிட்டாய். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன், படவில்லை. வெட்கமாக இருக்கிறது.

படிவம் மேஜைமேல் இருக்கிறது. உன்னை வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. வரமாட்டாள் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், அதுவும் முடியவில்லை.

ஷிகெதோ


ஃபூஜி
3 பிப்ரவரி

உங்களுக்கு,

இன்று எல்லார் வீட்டிலும் பேய் விரட்ட வறுத்த சோயாவை எறிகிறார்கள். இங்கே எறிவதற்கு ஆள் இல்லாததால் தின்றுகொண்டே எழுதுகிறேன்.

டிசம்பர் ஒன்றிலிருந்து ஜனவரி இருபத்தைந்து வரை ஐம்பத்தைந்து நாள். எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு, ‘குளிர்தான் காரணமா, நிச்சயமாகத்தானா, அவசரம் இல்லை, யோசித்து எழுது’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் படித்தேன். உடம்பெல்லாம் எரிகிறது. நான் ஒரு எண்ணை மாற்றிவிட்டுப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் உட்கார்ந்து நிதானமாக வலை பின்னியிருக்கிறீர்கள். என் தப்பு பெரியது, உங்களுடையது அசிங்கமானது. இதைச் சொல்லாமல் அடுத்த வரி எழுத எனக்குக் கை ஓடாது.

மைனஸ் பதினாறில் ஒன்றரை மணி நேரம். அதையும் படித்தேன். திரும்பத் திரும்ப அங்கேயேதான் வந்து நிற்கிறேன். அந்த டேங்கர் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, சோயாக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், 0.85 உட்பட. என்னை வெளியே போகச் சொல்வான் என்று காத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்புறம், “இவ்வளவு நடந்திருக்கு. நம்பிக்கை இல்லாத ஆளோட போய் எப்படிம்மா இருப்ப?” என்று கேட்டான்.

“நம்பிக்கை இல்லாத ஆளை அவ்வளவு தூரத்துல விட்டுட்டு நான் இங்க எப்படிண்ணா இருப்பேன்?” என்றேன்.

படிவத்தில் ‘வருகிறாள்’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பட்டறையில் நல்ல இன்ஜின் ஒன்று இருக்கிறது, அதைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு ஓஅராயில் கப்பல் ஏறி, இருபதாம் தேதி தோமகோமாயில் இறங்குகிறேன். லாரியை நானே ஓட்டி வருவேன். பெரிய பம்பும் சூட்டு மீட்டரும் கொண்டுவருகிறேன். இந்தத் தடவை கட் எந்த எண்ணில் என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத்தான் எழுதுவேன். நிஷிகாத்தா அவர்களிடம் கொட்டகையில் ஒரு வாரம் இடம் கேட்டு வையுங்கள். அந்த அம்மாளிடம் நான் மன்னிப்பு கேட்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதுதானா என்று நேரில் பார்க்கவும் வேண்டும்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படி எதிர்பார்த்து வரவில்லை. ஏன் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் நம் இரண்டு பேருக்கும் பொய் சரளமாக வருகிறது. நேரில் வராது. பொய் சொல்லும்போது உங்களுக்கு இடது காது சிவக்கும். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், உங்களிடம் சொன்னதில்லை. எனக்கு எது சிவக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் சொன்னதில்லை.

இதற்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினால் நம்பமாட்டேன். சொல்ல வேண்டியது ஏதாவது மிச்சம் இருந்தால் துறைமுகத்துக்கு வந்து என் முன்னால் நின்று சொல்லுங்கள்.

தோமோயே